பையில் ஒரு சாணை

காட்டுக்கோ மலைக்கோ கடற்கரைக்கோ கையோடு கொண்டுபோகும் தீட்டுக் கருவிக்கு வேலை குறைவு. வீட்டில் நன்றாகத் தீட்டி எடுத்துவந்த கத்தியின் கூர்மையைப் பயணம் முடியும்வரை காப்பாற்றிக் கொடுத்தால் போதும். பல் பெயர்ந்த கத்தியைச் சமன் செய்வதும், ஒடிந்த முனையை மறுபடி வடிப்பதும் வீட்டில் பெரிய கல்லை மேசைமேல் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்ய வேண்டியவை. கடைகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு கருவிகள் பலவும் இரண்டு வேலையையும் செய்வதாகச் சொல்லிக்கொள்கின்றன. காசு வீணாவது பெரும்பாலும் அதை நம்பி வாங்குவதில்தான்.

எந்தக் கருவி தேவை என்பது, கத்தி எப்படி மழுங்குகிறது என்பதைப் பொறுத்தது. நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. மனிதத் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான்வரை இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் அதன் மென்மை புரியும். அந்த மெல்லிய எஃகு கெட்டியான கட்டையிலோ எலும்பிலோ பட்டால் ஒரு பக்கமாக மடங்கிக்கொள்கிறது. எஃகு அப்படியேதான் இருக்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். பீங்கான் குச்சியில் நாலைந்து முறை லேசாக இழுத்தாலோ, தோல் வாரின் மேல் பின்னோக்கித் தடவினாலோ அது நிமிர்ந்துவிடும். மணல் ஒட்டிய கயிறு, மண் படிந்த கிழங்கு, அட்டைப்பெட்டி ஆகியவற்றை அறுக்கும்போது நடப்பது வேறு. விளிம்பு தேய்ந்து உருண்டுவிடுகிறது. இதற்கு வார் உதவாது. இரு பக்கமும் கொஞ்சம் எஃகை உராய்ந்து எடுத்து, புதிய விளிம்பை உண்டாக்கியாக வேண்டும்.

எது நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க டார்ச் வெளிச்சம் போதும். கத்தியின் கூர்ப்பக்கத்தை மேலே திருப்பி, வெளிச்சத்தை அதன் நீளத்துக்கு ஓட்டிப் பார்த்தால், கூராக இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கட்டைவிரலை வைத்துப் பார்க்கும் பழக்கத்தைவிட இது நம்பகமானது, ரத்தமும் வராது.

அடுத்துப் பார்க்க வேண்டியது கத்தியின் எஃகு. எஃகின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவுகோலால் குறிப்பார்கள். விக்டரினாக்ஸின் சுவிஸ் மடக்குக் கத்தி இதில் ஏறத்தாழ 56. பிரான்ஸின் ஒப்பினெல், ஸ்வீடனின் மோரா கத்திகள் அதைவிடச் சற்றே கூடுதல். இவை எல்லாம் எந்த உராய்பொருளுக்கும் இணங்கும். சிக்கல் விலை உயர்ந்த புதிய எஃகுகளில்தான் தொடங்குகிறது. அமெரிக்கக் கத்திகளில் புழங்கும் எஸ்30வி எஃகில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. எஸ்90வியில் 9 சதவீதம். வனேடியம் கரியோடு சேர்ந்து எஃகுக்குள் மிகக் கடினமான துகள்களாக உறைகிறது. இந்தத் துகள்கள் வழக்கமான சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. அந்தக் கல்லில் தேய்க்கும்போது துகள்களைச் சுற்றியுள்ள எஃகு கரையும். துகள்கள் அப்படியே நிற்கும். ஒரு மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை என்று கத்திக்காரர் கல்லைத் திட்டுவார். அந்தத் துகளை முறையாக அறுக்க வைரம் வேண்டும்.

வைரம் என்றதும் விலையை நினைத்து மிரள வேண்டியதில்லை. இவை ஆலையில் செய்யப்படும் செயற்கை வைரத்தூள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954இல் செயற்கை வைரம் செய்து காட்டியபின், உராய்பொருளாக வைரம் மலிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஓர் எஃகுத் தகட்டின் மேல் வைரத்துகள்களைப் பரப்பி, நிக்கல் முலாம் பூசி ஒட்டவைத்தால் வைரத் தகடு தயார். வெளியிட வேலைக்கு இதன் மேன்மை மூன்று. மெல்லியதாக இருப்பதால் எடை இல்லை. கல்லைப் போல நடுவில் குழியாவதில்லை. எண்ணெயோ ஊறவைக்கத் தண்ணீரோ கேட்பதில்லை; உலர்ந்தபடியே தேய்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு: அழுத்தித் தேய்க்கக் கூடாது. அழுத்தினால் வைரத்துகள் நிக்கலைப் பிய்த்துக்கொண்டு உதிர்ந்துவிடும். புதுத் தகடு முதலில் சொரசொரவென்று கடிப்பதும், சில நாள் பழகியபின் சீராவதும் இயல்பு. கெட்டுப்போனது என்று தூக்கி எறிய வேண்டாம்.

பீங்கான் என்று கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் சுட்டு இறுக்கிய அலுமினியம் ஆக்சைடு. வைரம் வெட்டியதை நயப்படுத்த இது நல்லது. மடங்கிய விளிம்பை நிமிர்த்த இதைவிடச் சிறந்தது இல்லை. கிட்டத்தட்டத் தேயவே தேயாது. ஆனால் பாறைமேல் விழுந்தால் இரண்டாகிவிடும். எஃகுத் தூள் அடைத்துக்கொண்டு கறுத்தால், பாத்திரம் தேய்க்கும் பொடியைப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் பழையபடி வேலை செய்யும்.

ஹார்டுவேர் கடைகளில் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் கிடைக்கும் சாம்பல் நிறக் கல் சிலிக்கன் கார்பைடு. எட்வர்ட் அச்சிசன் 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கி, கார்போரண்டம் என்று பெயரிட்ட பொருள் இது. அந்தப் பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் சென்னையில் தொடங்கப்பட்டது. வீட்டுக்கு இந்தக் கல்லை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் 20 சென்டிமீட்டர் நீளக் கல் அரைக் கிலோவுக்குக் குறையாது, கீழே விழுந்தால் உடையும். தோளில் சுமந்து நடப்பவர் இதை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஜப்பானிய நீர்க்கற்களும் அப்படித்தான். கூர் அருமையாக வரும். ஆனால் பலவற்றை ஊறவைக்க வேண்டும், சீக்கிரம் குழியும், ஈரத்தோடு பையில் போட்டால் மற்ற சாமான்களும் சேறாகும்.

உராய்பொருளின் நயத்தை எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூடத் துகள் சிறிது. 200, 300 என்பன கரடு, 600 நடுத்தரம், 1000க்கு மேல் நைஸ். இந்த எண்கள் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதுதான் தொல்லை. பி1000 என்று அச்சிட்ட உப்புத்தாளில் துகள் 18 மைக்ரான் அளவில் இருக்கும். அதே 1000 தாங்கிய ஜப்பானியக் கல்லில் அதைவிட நுண்ணியது. எனவே மைக்ரான் கணக்கு போட்டிருந்தால் அதைப் பார்ப்பதே மேல். அமெரிக்காவின் டிஎம்டி நிறுவனம் தன் வைரத் தகடுகளுக்கு நிறம் வைத்து இதை எளிதாக்கியிருக்கிறது: நீலம் 45 மைக்ரான், சிவப்பு 25, பச்சை 9.

வெளியிட வேலைக்கு அதிநைஸ் தேவையில்லை. கயிறு அறுக்கவும் மீனின் வயிற்றைக் கீறவும் 600 எண் தகடு விட்டுச்செல்லும் நுண்ணிய பல்தான் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடி போல மினுக்கிய விளிம்பு ஈரக் கயிற்றில் வழுக்கும். மரம் செதுக்குபவருக்கு மட்டும் அதற்கு மேலும் நயம் வேண்டும். அதற்கும் ஒரு பீங்கான் முகமும் இடுப்பு பெல்ட்டின் உள்பக்கமும் போதும்.

இனி கோணம். புதிதாகத் தீட்டுபவர்கள் தோற்பது கல்லில் அல்ல, இங்கேதான். ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரி என்பது வெளியிடக் கத்திக்குப் பொதுவான கணக்கு. மெல்லிய சமையல் கத்தி என்றால் 15. கட்டை பிளக்கும் கனத்த கத்தி என்றால் 25. கோணம் குறைந்தால் கூர் அதிகம், ஆயுள் குறைவு. கண்ணால் 20 டிகிரியை அளக்க முடியாது என்று நினைப்பவர்கள் ஒரு சதுரத் தாளின் மூலையை இரண்டாக மடிக்கலாம். 90 டிகிரி 45 ஆகும். இன்னொரு மடிப்பில் 22.5. அந்த ஆப்பைக் கல்லின் மேல் வைத்துக் கத்தியைச் சாய்த்துப் பார்த்தால் கைக்கு அளவு பிடிபடும். உயரக் கணக்கும் உண்டு: 25 மில்லிமீட்டர் அகலமுள்ள அலகை 20 டிகிரிக்குச் சாய்க்க, அதன் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் கத்திக்கு ஏற்கெனவே ஒரு கோணம் இருக்கிறது. அதையே பின்பற்றுவதுதான் குறைந்த வேலை. கூர்ச் சாய்வில் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசிவிட்டு, இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். மை விளிம்பில் மட்டும் போயிருந்தால் சாய்வு அதிகம்; மேலே மட்டும் போயிருந்தால் சாய்வு போதவில்லை; முழுதும் போயிருந்தால் கோணம் பொருந்திவிட்டது. தீட்டத் தீட்ட எதிர்ப்பக்கத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழும். அலகின் முழு நீளத்துக்கும் பிசிறு எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். இழுப்புகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பக்கம் மாற்றித் தீட்டி, கடைசியில் அழுத்தமே இல்லாமல் இரு பக்கமும் மாறிமாறி இழுத்துப் பிசிறை நீக்க வேண்டும். பிசிறு ஒட்டியிருக்கும் கத்தி முதல் வெட்டில் அபாரமாகத் தோன்றும், பத்தாவது வெட்டில் மொக்கையாகும்.

கோணம் பிடிக்கத் தெரியாதவர்களுக்காகவே இழுப்பு வகைக் கருவி வந்தது. வி வடிவப் பிளவில் கத்தியை விட்டு இழுத்தால் வேலை முடிந்தது. பிளவுக்குள் குறுக்காக நிற்பவை டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள். இவை எஃகை உராய்வதில்லை, சுரண்டி எடுக்கின்றன; இழுத்தபின் கீழே சுருள்சுருளாக இரும்பு விழுவதைப் பார்க்கலாம். கூர் உடனே வருகிறது, உடனே போகிறது. ஒவ்வொரு முறையும் கத்தி கண்ணுக்குத் தெரியத் தேய்கிறது. பிடியை ஒட்டிய பகுதி பிளவுக்குள் நுழையாததால், சில மாதங்களில் அங்கே ஒரு மேடும் அதை அடுத்துப் பள்ளமும் விழும். அதே கருவியில் இன்னொரு பிளவில் பீங்கான் இருந்தால் அது பரவாயில்லை. தினமும் இரண்டு இழுப்பு இழுத்துக் கூரைப் பிடித்து வைக்கலாம். மொத்தத்தில், தொலைந்தாலும் கவலையில்லாத மலிவுக் கத்திக்கு இந்த வகை சரி. நல்ல கத்தி வைத்திருப்பவர் கார்பைடு பிளவின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மோரா கத்திக்காரர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஸ்காண்டிநேவியக் கத்திகளில் அகலமான ஒரே சாய்வு, விளிம்புவரை நேராக இறங்குகிறது. அந்தச் சாய்வைக் கல்லின்மேல் படியப் படுக்கவைத்தால் அதுவே கோணம். வேறு வழிகாட்டி எதுவும் வேண்டாம். இழுப்புக் கருவி அந்த அமைப்பையே அழித்துவிடும்.

இழுப்புக் கருவிக்கும் வெறும் தகட்டுக்கும் நடுவே நிற்பது வழிகாட்டி உள்ள தகடு. அமெரிக்காவின் வொர்க் ஷார்ப் நிறுவனத்தின் கையடக்கக் கருவி இதற்கு நல்ல மாதிரி. 220, 600 என்று இரண்டு வைரத் தகடுகள் காந்தத்தால் ஒட்டியிருக்கின்றன. தகட்டின் முனையில் 20 டிகிரிச் சரிவு ஒன்று இருக்கிறது. கத்தியை அதன்மேல் படுக்கவைத்து, அதே சாய்வு மாறாமல் தகட்டின்மேல் தள்ள வேண்டும். பக்கவாட்டில் சுழலும் ஒரு பீங்கான் குச்சியும், பின்பக்கம் ஒரு தோல் வாரும் உண்டு. எடை 135 கிராமை ஒட்டி. கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வசதியான ஒன்றைக் காட்டுவது கடினம். கை பழகியவருக்கு இதிலுள்ள பிளாஸ்டிக் வீண்சுமை. அவருக்கு ஸ்வீடனின் ஃபால்க்னிவென் விற்கும் டிசி4 போதும்: 10 சென்டிமீட்டர் நீளம், ஒரு முகம் 25 மைக்ரான் வைரம், மறுமுகம் பீங்கான்.

தீட்டுக் கருவியைக் கையோடு கொண்டுபோகும் இந்த எண்ணம் மிகப் பழையது. 1991இல் ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் பனிக்குள் கிடைத்த, 5,300 ஆண்டுக்கு முந்தைய மனிதரின் உடைமைகளில் ஒரு தீட்டுக் கருவியும் இருந்தது. சீவிய பென்சில் போன்ற ஒரு லிண்டன் மரக் கட்டையின் நடுவே மான் கொம்பு முள்ளைச் செருகியிருந்தார்கள். கல் கத்தியின் விளிம்பில் அதை வைத்து அழுத்தினால் சிறுசிறு சில்லுகள் பெயர்ந்து புதுக் கூர் வரும். அவருடைய கல்லாயுதங்கள் திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டு, கிட்டத்தட்டத் தேய்ந்து முடியும் நிலையில் இருந்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரும்புக் காலத்துக்கு வந்தால், நார்வேயின் ஐட்ஸ்போர்க் பகுதிக் கல் வைக்கிங்குகள் காலத்திலேயே கடல்கடந்து விற்பனையாகியிருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் புல் அறுப்பவர்கள் தண்ணீர் ஊற்றிய மாட்டுக் கொம்பில் தீட்டுக்கல்லைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வது வழக்கம். வரிசை முடிவதற்குள் அரிவாள் மழுங்கிவிடும். வீட்டுக்கு ஓட முடியாது.

நம் ஊர் அரிவாளுக்கும் கோடரிக்கும் மேற்சொன்ன எதுவும் ஏற்றதில்லை. கிராமத்துக் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரும் அரிவாள், அரத்தால் அறுக்க முடிகிற அளவு மென்மையானது. அப்படி மென்மையாக இருப்பதால்தான் கட்டையில் ஓங்கி வெட்டினாலும் உடைவதில்லை. அதற்கு ஒரு தட்டை அரம் போதும். தள்ளும்போது மட்டும் அறுக்கவிட்டு, திரும்ப வரும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அரத்தின் பல் போய்விடும். பிரேசில், எல் சால்வடார் நாட்டு மச்செட்டிகளுக்கும் இதுவே வழி. கோடரிக்கென்று உள்ளங்கையில் அடங்கும் வட்டக் கல் கிடைக்கிறது; சுழற்றிச் சுழற்றித் தேய்க்கலாம்.

ரம்பப் பல் வைத்த கத்திக்குக் கூம்பு வடிவ வைரக் குச்சி வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் பள்ளங்கள் சீவப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பள்ளமாகக் குச்சியை விட்டுத் தேய்த்து, மறுபக்கத்தில் பிசிறை மட்டும் தட்டிவிட வேண்டும். பொறுமை இல்லாதவர் ரம்பப் பல் கத்தியே வாங்காமல் இருக்கலாம். தூண்டில் போடுபவருக்கு முள்ளைத் தீட்ட ஒரு பள்ளம் வெட்டிய பீங்கான் குச்சி உதவும். பீங்கான் அலகு கொண்ட சமையல் கத்தியை வெளியில் தீட்ட முயல்வது வீண்.

அளவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிறியதாக இருந்தால் சுமக்க வசதி என்று விரல் நீளக் கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதைப் பிடிக்கும் விரல்கள் எங்கே இருக்கும் என்று யோசிப்பதில்லை. சிறிய கல்லில் கத்தி ஒவ்வொரு இழுப்பிலும் விரல் நுனிக்கு அருகில் வந்து நிற்கிறது. விரலைக் காக்க ஒரு பிடியோ விளிம்போ இல்லாத கருவியில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வாங்காமல் இருப்பது நல்லது. விழுந்த மரத்தில் ஒரு பள்ளம் செதுக்கி அதில் கல்லை அசையாமல் வைத்துக்கொண்டால், கை கல்லைப் பிடிக்க வேண்டியதே இல்லை. நடந்துகொண்டே தீட்டுவதும் இருட்டில் தீட்டுவதும் வேண்டாம். மருத்துவமனை ஒரு நாள் நடை தூரத்தில் இருக்கும்போது சின்ன வெட்டும் சின்ன விஷயம் அல்ல.

கடல் காற்று வைரத் தகட்டின் அடியிலுள்ள எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் சரி. தோல் வார் நனைந்தால் ஊதிப்போகும். மழைக்காலத்தில் அதைப் பிளாஸ்டிக் உறையில் வைக்கலாம். எல்லாம் மறந்து வெறுங்கையோடு போய்விட்டவருக்கும் வழி உண்டு. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று சொரசொரப்பாக இருக்கும். அதில் தேய்த்தால் மடங்கிய கூர் நிமிரும். கார் ஜன்னல் கண்ணாடியின் மேல் விளிம்பும் அந்த வேலையைச் செய்யும்.

கத்தி ஒன்று, கருவி ஒன்று என்று போகிறவருக்கு 600 எண் வைரமும் மறுபக்கம் பீங்கானும் உள்ள தகடே ஏற்றது; கோணம் பழகாதவர் அதிலேயே வழிகாட்டிச் சரிவு உள்ளதைப் பார்த்து வாங்கலாம். கரடு முகம் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குத்தான் தேவைப்படும். விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் போட வேண்டும். இந்தியாவில் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் போவதாக இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் தூண்டில் முள்ளையும் ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 31ஆம் பிரிவின்படி எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் அவற்றோடு உள்ளே நுழையக் கூடாது.